பிணைப்பு விட்ட இடத்தில் கொப்புளம்: செல்களைப் பிடித்து வைக்கும் மூலக்கூறுகள்

கேள்வி, சுருக்கமாக: ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம் தறிக் குடும்பம். அக்காவுக்கு 34 வயது. ஐந்து மாதமாக வாயில் ஆறாத புண். பல் மருத்துவரிடம் போனது, பூஞ்சை மருந்து, வைட்டமின் மாத்திரை எல்லாம் ஆகிவிட்டது. இப்போது முதுகிலும் மார்பிலும் கொப்புளம் எழும்பி, தொட்டால் தோல் உரிகிறது. அக்கி என்று நினைத்து ஒருமுறை காவி எழுதியிருக்கிறார்கள். பிறகு வேலூருக்குப் போய்ச் சதை எடுத்துப் பார்த்ததில் ‘பெம்ஃபிகஸ் வல்காரிஸ்’ என்று வந்திருக்கிறது. ‘செல்களை ஒட்டி வைக்கும் பசையை உடம்பே தாக்குகிறது’ என்று சொன்னார்களாம். அது என்ன பசை, ஏன் வாயில் தொடங்கியது, அக்காவைத் தாய்மாமனுக்கே கொடுத்ததால் வந்ததா, ஆறு வயதுப் பிள்ளைக்குத் தொற்றுமா, இரண்டாவது குழந்தை பெறலாமா என்று தம்பி கேட்டிருக்கிறார்.

முதலில் வீட்டில் எல்லோரையும் உறுத்திக்கொண்டிருப்பதற்குப் பதில். இது ஒட்டுவாரொட்டி இல்லை. கொப்புள நீர் மேலே பட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், பிள்ளை அம்மாவைக் கட்டிக்கொண்டு படுத்தாலும் வராது. அக்கியும் இல்லை. அக்கி ஒரு வைரஸால் வருவது. உடம்பின் ஒரு பக்கத்தில், ஒரு நரம்பு ஓடும் பட்டையில் மட்டும் கொத்தாக எழும்பி, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தானே அடங்கும். தானே அடங்குவதால்தான் காவி எழுதியதும் குணமான மாதிரித் தெரிகிறது. பெம்ஃபிகஸ் அப்படி அடங்காது. உரிந்த தோலில் காவியும் மண்ணும் பூசினால் கிருமி ஏறும். இந்த நோயில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் கிருமித் தொற்றால்தான் வருகிறது. எழுதியது போகட்டும், இனி வேண்டாம்.

இனி அந்தப் பசை. பசை என்ற சொல் பாதிதான் பொருந்தும். பசை எதையும் எதோடும் ஒட்டும். செல்களுக்கு நடுவே இருப்பது அப்படி இல்லை. தறி வீட்டில் பாவு பிணைக்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடி முடியும் பாவின் ஒவ்வொரு இழைக்கும் புதுப் பாவில் அதற்கு நேரான இழையைத் தேடி எடுத்து முறுக்குகிறார்கள். எந்த இழையோடு எந்த இழை என்று அங்கே கணக்கு உண்டு. அந்த முறுக்கு தாங்குவதும் முடிச்சின் பலத்தால் மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் இழை இறுக்கமாக நிற்பதால். ஒரு பக்கம் பாவு சுற்றிய பீம் தளர்ந்துவிட்டால் நல்ல முடிச்சும் பயனில்லை.

செல்லும் அப்படித்தான். ‘கேடெரின்’ என்ற புரதக் குடும்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கேடெரினும் செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கும். வெளியே நீட்டிய பகுதி பக்கத்துச் செல்லின் கேடெரினைப் பிடிக்கும். உள்ளே நீட்டிய பகுதி, இடையில் நிற்கும் சில புரதங்கள் வழியாக, செல்லுக்குள் ஓடும் நார்களில் கட்டப்பட்டிருக்கும். சாதாரணக் கேடெரின்கள் ஆக்டின் நாரில் கட்டியிருக்கும். தோலில் இருக்கும் ‘டெஸ்மோக்ளீன்’, ‘டெஸ்மோகாலின்’ என்ற உறவுக்காரர்கள் கெரட்டின் என்ற கெட்டி நாரில் கட்டியிருக்கும். இந்த இரண்டாவது வகைக் கட்டு திரண்டு நிற்கும் பொட்டுக்குத்தான் டெஸ்மோசோம் என்று பெயர். நடக்கும்போதும் உரசும்போதும் தோல் பிய்யாமல் நிற்பது பெரும்பாலும் இந்தப் பொட்டுகளால்தான். இதயத் தசையிலும் இவை உண்டு. இடைவிடாமல் இழுபடும் இடம் அல்லவா.

கேடெரின் பெயரிலேயே கால்சியம் இருக்கிறது. வெளியே நீட்டிய பகுதி ஐந்து கணுக்களாக இருக்கிறது. கணுக்களின் இடையே கால்சியம் உட்கார்ந்தால்தான் அது விறைத்து நிமிரும். கால்சியம் போனால் துவண்டுவிடும், பிடிக்காது. ஜப்பானின் கியோட்டோவில் மசடோஷி டகெய்ச்சி 1977இல் செய்த சோதனைகளில் இது தெளிவானது. திசு வளர்ப்பு அறையில் வேலை செய்பவர்கள் இதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள், பலர் காரணம் தெரியாமலே. குடுவையில் ஒட்டி வளர்ந்த செல்களைப் பிரிக்க முதலில் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவுகிறார்கள். பிறகு புரதத்தை வெட்டும் டிரிப்சினை 0.05 முதல் 0.25 சதவீதத்தில் எடுத்து, அதோடு இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைச் சேர்த்து 37 டிகிரியில் சில நிமிடம் வைக்கிறார்கள். இ.டி.டி.ஏ. கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். துவண்டு போன கேடெரினை டிரிப்சின் எளிதாக வெட்டும். கழுவாமல் விட்டால் இரண்டு வகையில் கெடும். வளர்ப்புத் திரவத்தில் மிச்சமிருக்கும் சீரம் டிரிப்சினை முடக்கிவிடும், மிச்சமிருக்கும் கால்சியம் கேடெரினைக் காப்பாற்றிவிடும். செல்கள் தனித்தனியாக வராமல் தாள் தாளாக உரிந்து வரும். நேரம் கூட்டினால் சரியாகும் என்று பத்து இருபது நிமிடம் விட்டால் செல்லே செத்துப் போகும். கழுவலில்தான் கோளாறு, நேரத்தில் இல்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைந்துவிடலாம். கால்சியம் இல்லாவிட்டால் பிடி விடும் என்றால், கால்சியம் மாத்திரை கூடுதலாகச் சாப்பிட்டால் கொப்புளம் ஆறுமா? ஆறாது. இரத்தத்தில் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற அளவிலேயே உடம்பு கட்டிக் காக்கும். அது பிணைப்புக்குத் தாராளம். அக்காவுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது இந்த நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு எலும்பை அரிக்காமல் இருப்பதற்காக. அதை விடாமல் சாப்பிட வேண்டும், ஆனால் அது கொப்புளத்துக்கான மருந்து இல்லை.

நோய்க்கு வருவதற்கு முன், இந்தப் பிணைப்பு உடம்பு உருவாகும்போது செய்கிற வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. அதைப் பார்த்தால்தான் ஏன் வாய், ஏன் முதுகு என்பதெல்லாம் புரியும்.

1907இல் எச்.வி. வில்சன் என்பவர் கடல் பஞ்சுயிரியைச் சலிக்கும் துணியில் வைத்துப் பிழிந்து, தனித்தனிச் செல்லாக நீரில் விழவைத்தார். நெருக்கமாக நெய்த துணிதான் அங்கே கருவி. விழுந்த செல்கள் சாகவில்லை. நகர்ந்து, ஒன்றையொன்று தொட்டு, கூடி, மறுபடி பஞ்சுயிரியாகின. 1955இல் டௌன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் என்ற இருவர் நீர்நில வாழ்வனவற்றின் கருச் செல்களைப் பிரித்துக் கலந்து வைத்தார்கள். கலவை கலவையாகவே இருக்கவில்லை. தோலாக வேண்டியவை வெளியே வந்தன, நரம்பாக வேண்டியவை உள்ளே குழலாகின, நடுவில் வர வேண்டியவை நடுவில் நின்றன. யாரும் இடம் காட்டவில்லை. தன் இனத்தைப் பிடிக்கும் பிடிதான் இடத்தை முடிவு செய்தது.

இதில் ரொம்ப அழகான சோதனை 1994இல் ஸ்டைன்பெர்கும் டகெய்ச்சியும் சேர்ந்து செய்தது. இரண்டு கூட்டம் செல்கள், இரண்டிலும் ஒரே வகைக் கேடெரின். ஒன்றில் கூடுதல், மற்றதில் குறைவு. கலந்து விட்டதும், கூடுதலாக இருப்பவை உள்ளே உருண்டையாகத் திரண்டன, குறைவாக இருப்பவை அவற்றைச் சுற்றி உறை போல நின்றன. வகை மாறாமல் அளவு மட்டும் மாறினாலே உருவம் மாறிவிடுகிறது. எந்த வகை, எவ்வளவு, எந்த நேரத்தில் என்ற மூன்று கேள்விக்குள் கரு வளர்ச்சியில் பாதி அடங்கிவிடும்.

நேரத்துக்கு ஒரு சான்று. சுண்டெலிக் கருவில் எட்டுச் செல் ஆகும்வரை ஒவ்வொன்றும் பையில் போட்ட எலுமிச்சம்பழம் போலத் தனியாக உருண்டு நிற்கும். எட்டுச் செல் கட்டத்தில் ஈ-கேடெரின் என்ற கேடெரின் வகை வேலைக்கு இறங்கியதும் சில மணி நேரத்தில் எல்லாம் ஒன்றையொன்று அணைத்து, எல்லைக் கோடே தெரியாமல் வழவழவென்று ஒரே பந்தாகிவிடும். மனிதக் கருவில் இது நான்காம் நாள் வாக்கில் நடக்கிறது. இந்த இறுக்கம் வந்த பிறகுதான் உள்ளே இருப்பது, வெளியே இருப்பது என்ற வேறுபாடே பிறக்கும். வெளியே இருப்பது நஞ்சுக்கொடியின் பக்கம் போகும், உள்ளே இருப்பது குழந்தையாகும். சோதனைக் குழாய்க் கருத்தரிப்பில் மூன்றாம் நாள் கருவிலிருந்து ஒரு செல்லை எடுத்து மரபணு பார்க்கும்போது, கருவைக் கொஞ்ச நேரம் கால்சியம் இல்லாத திரவத்தில் வைப்பதும் இந்தப் பிடியைத் தளர்த்தத்தான்.

அடுத்தது முதுகுத் தண்டு. முதுகுப் பக்கத் தோற்படலத்தின் ஒரு பட்டை குழிந்து, சுருண்டு, குழலாகிப் பிரிகிறது. பிரியப் போகும் பட்டை ஈ-கேடெரினைக் கைவிட்டு என்-கேடெரினை அணிந்துகொள்கிறது. மேலே மூடும் தோல் ஈ-யிலேயே நிற்கிறது. கட்சி மாறியதால் ஒட்டாமல் விலகிக்கொள்கின்றன. மனிதருக்கு இந்தக் குழல் கருத்தரித்து 28 நாள் வாக்கில் மூடிவிடுகிறது. குழலின் விளிம்பில் நின்ற நரம்பு முகட்டுச் செல்கள் பிடியை விட்டு ஊர் ஊராகப் போய், தோலுக்கு நிறம் தரும் செல்களாகவும் முகத்தின் எலும்பாகவும் குடலின் நரம்பாகவும் ஆகின்றன.

கருவில் முறையாக நடக்கும் இந்த விடுதலை, வயதான பிறகு முறை தவறி நடந்தால் அதுவே புற்று பரவும் வழிகளில் ஒன்று. மார்பகத்தில் ‘லோபுலார்’ வகைப் புற்றில் பெரும்பாலும் ஈ-கேடெரின் போய்விடுகிறது. அதனால் செல்கள் கட்டியாகத் திரளாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக ஊர்ந்து போகின்றன. கையில் உருண்டையாகத் தட்டுப்படாமலும் மேமோகிராமில் தெளிவாக விழாமலும் இருப்பதற்கு இதுதான் காரணம். ஈ-கேடெரின் மரபணு பிறவியிலேயே பழுதான குடும்பங்களில் இரைப்பைப் புற்று பரவலாக, இளம் வயதில் வரும். 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில்தான் இது முதலில் நிறுவப்பட்டது.

இப்போது அக்காவின் வாய்.

கிருமியைப் பிடிக்க உடம்பு செய்வது எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி). பெம்ஃபிகஸில் அது தவறிப் பிடிப்பது டெஸ்மோக்ளீனை என்பது 1991இல் அமகாய், ஸ்டான்லி குழுவின் வேலையால் தெரிந்தது. டெஸ்மோக்ளீனில் நம் நோய்க்கு வேண்டியவை இரண்டு: 1, 3. வாயின் உட்தோலில் அடியிலிருந்து மேல்வரை இருப்பது பெரும்பாலும் 3. ஒன்றாம் எண் அங்கே மிகக் குறைவு. வெளித்தோலில் கதை வேறு. மேல் அடுக்குகளில் 1 நிறைய, 3 இல்லை. அடி அடுக்குகளில் 3 உண்டு, கூடவே 1ம் கொஞ்சம் உண்டு. ஒன்று போனாலும் மற்றது அதே இடத்தில் இருந்தால் தோல் தாங்கும். இந்த ஒரு விதியை மனதில் வைத்தால் நோயின் போக்கெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் 3க்கு எதிராக மட்டும் எதிர்ப்புப் புரதம் உண்டாகிறது. வாயில் 3க்கு மாற்று இல்லை, அதனால் வாய் பிரிகிறது. வெளித்தோலில் 1 கை கொடுக்கிறது, அதனால் முதுகு நன்றாக இருக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் பல் மருத்துவரிடம் மாதக்கணக்கில் அலைவார்கள். வாய்க் கொப்புளத்தை யாரும் பார்க்கவே முடியாது. அதன் கூரை அவ்வளவு மெல்லியது, ஒரு வாய் சோற்றில் உடைந்துவிடும். மிஞ்சுவது ஓரம் கிழிந்த சிவந்த புண் மட்டும். பிறகு சிலருக்கு 1க்கு எதிராகவும் எதிர்ப்புப் புரதம் உண்டாகிறது. அப்போது அடி அடுக்குகளில் இரண்டுமே போய், முதுகும் மார்பும் உரிகின்றன. அக்காவுக்கு ஐந்து மாதத்தில் நடந்தது இந்த மாற்றம். வாயில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத பல புண்கள் இருந்தால், அடுத்த வைட்டமின் மாத்திரைக்குப் பதில் சதைப் பரிசோதனை கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

1க்கு எதிராக மட்டும் உண்டானால்? அது ‘பெம்ஃபிகஸ் ஃபோலியேஷியஸ்’. மேல் அடுக்கு மட்டும் செதிள் செதிளாக உதிரும், வாய் தப்பிவிடும். இதே ஒன்றாம் எண்ணைக் கத்தரித்துப் போடும் நஞ்சு ஒன்று சில ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியிடம் உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சுடுநீர் கொட்டியது போல உடம்பெல்லாம் உரியும் நோய் அதனால் வருகிறது. அதிலும் வாய் தப்பும், அதே கணக்குதான். ஒன்றில் எதிர்ப்புப் புரதம், மற்றதில் நஞ்சு. உடைபடும் முடிச்சு ஒன்றாக இருப்பதால் உரியும் ஆழமும் ஒன்று. முதியவர்களுக்கு வரும் ‘புல்லஸ் பெம்ஃபிகாய்டு’ வேறு. அதில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பிடி விடுவதில்லை, மேல்தோலை அடித்தளத்தோடு தைத்திருக்கும் தையல் விடுகிறது. முழுத் தடிப்புக் கூரை என்பதால் கொப்புளம் திண்ணென்று நிற்கும், சட்டென்று உடையாது. கொப்புளத்தைப் பார்த்தே எந்தப் பிடி போயிருக்கிறது என்று பாதி ஊகிக்கலாம்: தொய்ந்து உடைந்தால் மேலே, விறைத்து நின்றால் அடியில்.

சதைப் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நல்ல மருத்துவர் இருந்தும் இங்கே வீணாகிப்போகும் சந்தர்ப்பங்கள் அதிகம். எடுக்க வேண்டியது இரண்டு துண்டு. முதல் துண்டு, எழும்பி ஒரு நாள் ஆகாத சிறிய கொப்புளம், முழுதாக. அல்லது கொஞ்சம் நல்ல தோலோடு சேர்ந்த ஓரம். இது சதையைப் பதப்படுத்தும் 10 சதவீத ஃபார்மலினில் போகும். பழைய புண்ணின் நடுவே எடுத்தால் மேல்தோலே இருக்காது, அறிக்கையில் ‘குறிப்பில்லாத புண்’ என்று வரும். சரியாக எடுத்தால், மேல் அடுக்குகள் பிரிந்து போய், அடி வரிசைச் செல்கள் மட்டும் அடித்தளத்தில் கல்லறைக் கற்கள் நட்டது போல நிற்பது நுண்ணோக்கியில் தெரியும். அடி வரிசை ஏன் விழவில்லை? பக்கத்துச் செல்லோடு பிடி போனாலும், கீழே ‘இன்டெக்ரின்’ என்ற வேறு வகைப் பிடி அதை அடித்தளத்தோடு வைத்திருக்கிறது. அதன்மேல் எதிர்ப்புப் புரதம் பாயவில்லை.

இரண்டாவது துண்டு கொப்புளத்தை ஒட்டி, ஒரு சென்டிமீட்டருக்குள், பார்க்க நன்றாக இருக்கும் தோலில் எடுக்க வேண்டும். ஒளிரும் சாயம் போட்டு எதிர்ப்புப் புரதம் படிந்திருப்பதைக் காணும் ‘இம்யூனோ’ சோதனைக்கு இது. இந்தத் துண்டு ஒருபோதும் ஃபார்மலினில் போகக் கூடாது. மைக்கேல் திரவத்தில் போட வேண்டும். அது இல்லாவிட்டால் சாதாரண உப்பு நீரில் போட்டு 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். சித்தூர், திருத்தணி பக்கத்துச் சிறு மருத்துவமனைகளில் எடுத்து வேலூருக்கோ திருப்பதிக்கோ சென்னைக்கோ கொண்டு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு துண்டையும் ஒரே ஃபார்மலின் டப்பாவில் போட்டால் இரண்டாவது சோதனை அங்கேயே முடிந்துபோகும். மறுபடி ஊசி, மறுபடி தையல். டப்பாவை வாங்கும்போதே ‘இம்யூனோவுக்கு எது, ஃபார்மலின் இல்லாதது எது’ என்று கேட்டு, மேலே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சரியாக நடந்தால் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரத வகை ஒளிர்ந்து, படலம் முழுக்க மீன்வலை விரித்தது போலத் தெரியும். அந்த வலையைப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கு இடம் பெரும்பாலும் இல்லை.

இரத்தத்தில் டெஸ்மோக்ளீன் 1, 3 இரண்டுக்கும் எதிரான எதிர்ப்புப் புரதத்தின் அளவைக் காட்டும் எலிசா சோதனையும் பார்க்கலாம். ஒன்றாம் எண்ணின் அளவு தோல் நோயின் ஏற்ற இறக்கத்தோடு ஓரளவு சேர்ந்து போகும். மூன்றாம் எண் சிலருக்கு நோய் அடங்கிய பிறகும் கூடுதலாகவே நிற்கும். ஆகவே மூன்றாம் எண்ணை மட்டும் பார்த்துப் பதறி மருந்தைக் கூட்டச் சொல்ல வேண்டாம்.

தாய்மாமன் கேள்விக்கு நேரான பதில்: பெம்ஃபிகஸ் அதனால் வரவில்லை. டெஸ்மோக்ளீன் மரபணு அக்காவிடம் நன்றாகவே இருக்கிறது. அதை அயலான் என்று உடம்பு தவறாக நினைக்கிறது, அவ்வளவுதான். எது சொந்தம், எது அயல் என்று உடம்பு பிரித்தறிய உதவும் எச்.எல்.ஏ. மரபணு வகைகளில் சில இருப்பவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனால் இது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் நோய் இல்லை. இந்தச் சம்பந்தத்துக்காகப் பாட்டியை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம்.

ஆனால் கேள்வியை அப்படியே தள்ளிவிடவும் கூடாது. இதே பிணைப்பு மூலக்கூறுகள் பிறவியிலேயே பழுதாகும் நோய்கள் சில உண்டு. அவை தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதி சேர்ந்தால்தான் வரும். மாமனும் அக்கா மகளும் மணந்தால், பிள்ளையிடம் ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகன் என்றால் பதினாறில் ஒன்று. நம் எல்லைப் பக்கம் தமிழ் வீடு, தெலுங்கு வீடு இரண்டிலும் இந்த மணம் பழக்கம். ஆகவே மூன்று அடையாளங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒன்று, தொப்புள் கொடி. பிறந்த குழந்தைக்கு அது பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் விழுந்துவிடும். மூன்று நான்கு வாரம் ஆகியும் விழாமல், அடி சிவந்து, காய்ச்சல் வந்து, ஆனால் சீழே பிடிக்காமல் இருந்தால், வெள்ளணு எண்ணிக்கையும் மிகக் கூடுதலாக இருந்தால், வெள்ளணு ஒட்டும் குறைபாடு இருக்கலாம். வெள்ளணுவின் இன்டெக்ரினில் ‘சிடி18’ என்ற பாதி இல்லாததால், இரத்தத்தில் ஓடும் அணு குழாய்ச் சுவரில் நின்று வெளியே போக முடியாது. இரத்தத்தில் கூட்டம், புண்ணில் ஒருவரும் இல்லை. சீழ் இல்லாததை நல்ல அறிகுறி என்று நினைத்து ஏமாந்துபோவது இங்கேதான். செல்லை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற இரத்தச் சோதனையில் சிடி18 பார்த்தால் தெரிந்துவிடும். கடுமையான வகைக்குத் தண்டுசெல் மாற்று தேவைப்படும்.

இரண்டு, நிற்காத இரத்தம். மூக்கிலிருந்து அடிக்கடி ஒழுகும், வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாதவிலக்கு கட்டுக்கடங்காமல் போகும், ஆனால் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கும். இது கிளான்ஸ்மான் நோயாக இருக்கலாம். தட்டணுக்கள் ஒன்றையொன்று பிடிக்கும் இன்டெக்ரின் இல்லை. எண்ணிக்கை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. தட்டணு திரளும் சோதனை கேட்க வேண்டும்.

மூன்றாவது, கம்பளி போலச் சுருண்ட முடியும், உள்ளங்கை உள்ளங்காலில் தடித்த தோலும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருந்தால் இதய எக்கோ எடுங்கள். டெஸ்மோசோமின் உள்கட்டுப் புரதங்கள் பழுதானால் இப்படி வரும். கிரேக்கத்தின் நாக்ஸோஸ் தீவின் பெயரில் ஒரு வகை 1986இல் விவரிக்கப்பட்டது. தோலையும் இதயத்தையும் ஒரே முடிச்சு தாங்குகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. முடி அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டு, பதினைந்து வயதில் மயங்கி விழுந்த பிறகு தேடுவது வேண்டாம்.

இரண்டாவது குழந்தை. பெறலாம், ஆனால் நோய் நன்றாக அடங்கிய பிறகு, மருத்துவரோடு நாள் குறித்து. ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடியைக் கடக்கும் என்பதால் நோய் தீவிரமாக இருக்கும்போது பெற்றால் குழந்தைக்கும் சில கொப்புளம் வரலாம். அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் கரைந்ததும் சில வாரத்தில் போய்விடும், குழந்தைக்கு நோய் தொடராது. பச்சிளம் குழந்தையின் தோலில் டெஸ்மோக்ளீன் 3, பெரியவர்களின் வாய்த்தோலில் இருப்பது போல மேல்வரை பரவியிருக்கிறது. அதனால்தான் ஒன்றாம் எண்ணை மட்டும் தாக்கும் ஃபோலியேஷியஸ் உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தை பெரும்பாலும் கொப்புளம் இல்லாமல் பிறக்கிறது. மருந்துதான் கூடுதல் கவலை. எதிர்ப்பை அடக்கத் தரும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, மைக்கோஃபினோலேட் இரண்டும் கருவுக்கு ஆகாது. எதிர்ப்புப் புரத உற்பத்தியைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி போட்டால் ஒரு வருடம் கருத்தரிக்காமல் இருக்கச் சொல்வார்கள்.

மருந்து மெதுவாக வேலை செய்கிறது என்று இடையில் மாற்றி மாற்றி ஓடாதீர்கள். இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. பாதியாகக் குறையவே மூன்று வாரம் வாக்கில் ஆகும். புது உற்பத்தியை நிறுத்தினாலும் இருப்பது தீர வேண்டும். ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தினமும் உடல் எடை கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை தொடங்கி, புதுக் கொப்புளம் நின்ற பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். இந்தியாவில் 1980களில் தோல் மருத்துவர் ஜே.எஸ். பஸ்ரிச்சா கொண்டுவந்த ‘பல்ஸ்’ முறையில், 28 நாளுக்கு ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து 100 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டை டெக்ஸ்ட்ரோஸில் கலந்து ஏற்றி, ஒருநாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 500 மில்லிகிராமும் சேர்ப்பார்கள். குழந்தை வேண்டும் என்பவருக்கு இது பொருந்தாது, முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இப்போது ரிட்டுக்சிமாப் 1 கிராம் வீதம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை போடுவது பல இடத்தில் முதல் தேர்வாகிவிட்டது. கட்டுப்படியானால் அக்கா வயதில் என் பரிந்துரையும் அதுதான். அதற்கு முன் மஞ்சள் காமாலை ‘பி’ வகைக்கு இரண்டு சோதனையும், மேற்பரப்பு ஆன்டிஜென் ஒன்று, கோர் எதிர்ப்புப் புரதம் ஒன்று, பார்த்தார்களா என்று கேளுங்கள். முதலாவது மட்டும் பார்த்தால் உறங்கிக் கிடக்கும் கிருமி தப்பிவிடும், மருந்து போட்ட பிறகு எழுந்து ஈரலைத் தாக்கும். காசநோயும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டைத் தானாக ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும், இரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. பெரிய கொப்புளத்தை மருத்துவமனையில் சுத்தமான ஊசியால் குத்தி நீரை வடித்து, கூரைத் தோலை அப்படியே படிய விடுவார்கள். அதை உரிக்காதீர்கள், அதுதான் நல்ல கட்டு. பிளாஸ்திரி ஒட்டக் கூடாது, எடுக்கும்போது நல்ல தோலும் கூட வரும். விரலால் தள்ளிப் பார்த்து உரிகிறதா என்று சோதிப்பது மருத்துவர் ஒருமுறை செய்வது, வீட்டில் வருபவர் எல்லாம் செய்வதற்கு இல்லை. பாயிலும் துணியிலும் தோல் ஒட்டிக்கொண்டால் கழுவித் துடைத்த இளம் வாழையிலையின் வழவழப்பான பக்கம் மேலே இருக்கும்படி விரித்துப் படுக்க வைக்கலாம், தினமும் மாற்ற வேண்டும். வாய் ஆறும்வரை மிளகாயும் கோங்குரா ஊறுகாயும் முறுக்கும் ஒதுங்கட்டும். குழைந்த மோர் சாதம், ஆறிய ராகிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர் போதும். உரிந்த தோல் வழியாகப் புரதம் கசிவதால் முட்டையோ பருப்போ தினமும் வேண்டும். காய்ச்சல், குளிர், புண்ணில் நாற்றம், சிறுநீர் குறைவு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். கண் சிவந்து உறுத்தினால் கண் மருத்துவரையும் பாருங்கள், அங்கும் பிடி விடலாம்.

அடுத்த முறை வேலூர் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: இரண்டு துண்டின் அறிக்கையும், எலிசாவில் 1க்கும் 3க்கும் தனித்தனி எண்ணும், இதுவரை தின்ற மாத்திரைகளின் பட்டியலும். நாட்டு மருந்து, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கியது, இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். பெனிசிலமைன், கேப்டோப்ரில் போன்ற சில மருந்துகளே பெம்ஃபிகஸைக் கிளப்பிவிடுவது உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் முதலில் அதை நிறுத்திப் பார்ப்பார்கள்.